பனிக்கு ஒரு முடிவு, வெயிலுக்கு ஒரு முடிவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உங்களுக்காக எழுத ஆரம்பிக்கவில்லை. என் மகள் காதில் பூ சுற்றுவதற்காக எழுத ஆரம்பித்தேன்.

இரண்டு வெளி மாநிலப் பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. ஒன்று, வருடத்தில் ஐந்து மாதம் பனி கொட்டும் ஊரில். இன்னொன்று கடலோரத்தில், வருடம் முழுக்க வேர்த்து ஊற்றும் ஊரில். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டில் ஒன்றை இணையத்தில் பதிந்தாக வேண்டும். தவறினால் இரண்டும் போய்விடும்.

எனக்கு வெயில் ஊர்தான் வேண்டும். ஒரு நாள் ரயிலில் போய்ச் சேர்ந்துவிடலாம். பனி ஊருக்கு மூன்று நாள். ஆனால் வாயைத் திறந்து சொன்னால், "நீ சொன்னேன்னுதான் போனேன்" என்று பிற்காலத்தில் ஒரு பேச்சு வரும். அதனால் ஒரு கதை எழுதி, அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் மறந்துபோய் வைத்ததுபோல வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கதையில் வரும் பெண் பனி ஊருக்குப் போய்ப் படாத பாடு படுவாள். படிக்கிறவள் மனசு மாறுவாள். திட்டம் இவ்வளவுதான்.

இப்போது வியாழன் மதியம் மூன்று மணி பத்து நிமிடம். அந்தக் கதை கெட்டுப்போய்விட்டது. அதில் மிச்சமிருப்பதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம், திங்கட்கிழமை மாலை எழுதியது:

"அவள் ஜன்னலைத் திறந்தபோது பனி அறைக்குள்—"

நிறுத்திவிட்டேன். பனி கொட்டும் ஊரில் எந்தப் பைத்தியம் ஜன்னலைத் திறக்கும்? நான் பனியைப் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் வேலை செய்யும் குளிர்கிடங்கில் சுவரில் படிந்திருப்பதைப் பார்த்ததுதான்.

இரண்டாம் தொடக்கம்:

"விடுதி அறையில் ஹீட்டர் பழுதாகி மூன்று நாள் ஆகியிருந்தது. மாடிப்படியில் ஏறும்போதே அவளுக்கு மூச்சு—"

இதை எழுதியதும் எழுந்துபோய் அவள் அறைக் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நகவெட்டியத் தேடினேன்."

"என் கையில இருக்கே."

"அதான் தேடினேன்."

மூன்றாம் தொடக்கம்: "ஒரு தாயின் மனம் இரண்டாகப் பிளந்து—" இதை அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றே பேர்.

மகளுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் கொசு. பிறந்தபோது அவ்வளவு மெலிசு, அழுகையும் ஙொய்யென்று காதுக்குள்ளேயே கேட்கும். அவள் அப்பா வைத்த பெயர். நீரியல் படிக்கப் போகிறாள்: மழை, ஆறு, நிலத்தடி நீர், பனிப்பாறை. "தண்ணியப் பத்தி நாலு வருஷம் என்னதான் சொல்லித் தருவாங்க?" என்று அவர் கேட்டார். "காத்தக் குளிர வைக்க நீங்க முப்பது வருஷம் எடுத்துக்கலயா?" என்றாள்.

சின்ன வயதிலிருந்து அவளுக்கு இழுப்பு உண்டு. இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். குளிர்காற்று பட்டால்தான் வரும். போன வாரம் டாக்டரிடம் கேட்டோம். "பாத்துக்கிட்டா எங்க வேணும்னாலும் இருக்கலாம்" என்றார். யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடம் காலியாகவே இருந்தது. நான்தான் அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் குளிர்கிடங்கில் மெக்கானிக். பேச்சு குறைவு. என்ன கேட்டாலும் முதலில் எத்தனை டிகிரி என்பார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறவள். மற்ற நாட்களில் விசாரணை அலுவலகம் ஒன்றில், ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். காலடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் மூன்று நொடி பின்னால் போகும். எங்கள் வேலைக்கு ஒரே விதி, சொன்னதைச் சொன்னபடி. இலக்கணம் தப்பானாலும் திருத்தக்கூடாது. காதில் விழாவிட்டால் [தெளிவில்லை] என்று போட வேண்டும். இருமினால் [இருமல்]. கதையில் அடைப்புக்குறி அங்கங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தொழில் புத்தி.*

* பெருமையாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் பொதுச்சுவருக்காகப் போட்ட சண்டை விசாரணைக்கு வந்தது. "சுவர இடிக்கலாம்னு நாம பேசி முடிவு பண்ணோம்" என்று ஒருவர் எதிராளியைப் பார்த்துச் சொன்னதாக என்னுடன் வேலை செய்பவள் தட்டியிருந்தாள். சரிபார்க்கும்போது நான்தான் பிடித்தேன். அவர் சொன்னது "நாங்க". நாம என்றால் எதிராளியும் சம்மதித்தான் என்று ஆகிவிடும். நாங்க என்றால் அவனுக்குத் தெரியாமலே இடித்திருக்கிறார்கள். வழக்கே அதுதான். "உங்க காதுக்குத் தனியா சம்பளம் போடணும்மா" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். போடவில்லை.

4

ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மூவரும் மேசையிலேயே உட்கார்ந்தோம். "பேசறதப் பதிவு பண்ணி வை. நாளைக்கு ஆளுக்கொண்ணு சொல்லக்கூடாது" என்றார் வீட்டுக்காரர். போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தேன். நாற்பத்தொரு நிமிடம் பேசினோம். திங்கட்கிழமை அலுவலகத்தில், மதிய இடைவேளையில், அதைத் தட்டினேன். அதிலிருந்து:

அப்பா: ரெண்டும் ஒரே பட்டம்தானே?

மகள்: ஒரே பட்டம்தான்.

அம்மா: கடலோரத்துல என்ன குறை உனக்கு?

மகள்: குறையெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க படிக்கறவங்கள கப்பல்லயே கூட்டிட்டுப் போய் வேலை சொல்லித் தர்றாங்களாம். அவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்.

அம்மா: அப்ப பனியில?

மகள்: [தண்ணீர் ஊற்றும் சத்தம்] நாம அங்க போனா முதல் ரெண்டு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும். அப்புறம் பழகிடும்.

அப்பா: பனியில கொசு இருக்காதுடி.

[சிரிப்பு]

அந்த "நாம" என்ற சொல்லைத் தட்டியபோது விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. அவள் மனசுக்குள் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போகிறாள். தனியாகப் போவதாக நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை அவளால். இப்படிப்பட்ட பெண்ணை மூன்று நாள் பயணத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நான் இங்கே எப்படி நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். அன்று மாலையே கதையை ஆரம்பித்தேன்.

5

செவ்வாய் காலை வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "நம்ம கிடங்குலயே நிக்க வச்சுப் பாத்துடலாம்."

மைனஸ் பதினெட்டு டிகிரி அறை. உறைந்த பட்டாணி மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தார்கள். கொசு அவருடைய பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். விரல் நுனி வரை கை மறைந்துபோனது. ஏழு நிமிடம் என்று பேசிவைத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே, கனத்த கதவின் சின்னக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கையில் இன்ஹேலரோடு நின்றேன்.

கதையில் நான் எழுதியது: "நாலாவது நிமிடத்தில் அவள் மார்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு முறை இருமினாள். 'குளிர் மனிதனைச் சோதித்துப் பார்க்கும், மகளே' என்றார் தந்தை."

நடந்தது: ஏழு நிமிடமும் நின்றாள். இருமியது இரண்டு தடவை. அதுவும் வெளியே வந்த பிறகு. உள்ளே இருந்த நேரத்தில் அவள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக உதடு அசைவது தெரிந்தது. என்ன பேசினாள் என்று பிறகு வீட்டுக்காரர் சொன்னார். "கதவோரத்துல படியறது பூ மாதிரி இருக்கு, உள்பக்கம் படியறது தூள் மாதிரி இருக்கு. ஒரே தண்ணிதானப்பா, ஏன்?" என்று கேட்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஈரக்காத்து கதவு வழியா வருதுன்னேன். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல நாலு கேள்வி கேட்டா. முப்பது வருஷமா அதச் சுரண்டிக் கொட்டறேன், எனக்குக் கேக்கத் தோணல."

நியாயம் வேண்டுமே என்று வெயிலுக்கும் ஒரு சோதனை வைத்தார். கம்ப்ரசர் அறை, நாற்பத்திரண்டு டிகிரி, அங்கேயும் ஏழு நிமிடம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று ஆவலாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒரு புக்கு கொண்டுபோயிருக்கலாம்" என்றாள்.

"இத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது" என்றார் வீட்டுக்காரர். "இது காத்தில்லாத குளிர். அங்க காத்து முகத்துல அடிக்கும்." அவர் அப்படித்தான், தெரியாததைத் தெரியாது என்பார். கதைக்கு அது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அதனால் அந்த வரியை வெட்டினேன். பனிப்பூக் கேள்வியையும் வெட்டினேன். இருமலை மட்டும் இரண்டால் பெருக்கினேன்.

6

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். படிக்கிறவளுக்குத் தேர்வு செய்யும் சுதந்திரம் இருப்பதுபோலத் தெரிய வேண்டுமே.

பனி முடிவு: ஜனவரி. வகுப்புக்குப் போகிற வழியில் அந்தப் பெண்ணுக்கு இழுப்பு வருகிறது. கையுறையோடு பையைத் திறக்க முடியவில்லை. இங்கே போன் அடிக்கிறது. தாய் ரயிலேறுகிறாள். பாதி வழியில் தண்டவாளத்தில் பனி மூடி ரயில் நிற்கிறது. வெள்ளை வெளியைப் பார்த்தபடி தாய் அழுகிறாள். [இங்கே நானும் அழுதேன். அழுததும், ஆகா, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.]

வெயில் முடிவு: கடற்காற்று. விடுதி மாடியில் துணி காய்கிறது. தாய் மாதம் ஒரு தடவை போகிறாள். இருவரும் மணலில் நடக்கிறார்கள். "நல்லவேளை, சரியான இடத்துக்கு வந்தோம்" என்கிறாள் தாய்.

பனி முடிவில் அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டாவது ஏதோ பேசுகிறாள். வெயில் முடிவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரண்டே முக்கால் பக்கமும் தாய்தான் பேசுகிறாள். எழுதும்போது இதை நான் கவனிக்கவே இல்லை.

7

நேற்று, புதன்கிழமை மாலை, தாள்களை மேசையில் வைத்துவிட்டுத் துணி தேய்க்கப் போனேன். ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தேன்.

முதலில் வந்து மாட்டியது வீட்டுக்காரர். கையில் இரண்டாம் பக்கம்.

"நான் எப்ப 'குளிர் மனிதனைச் சோதித்துப் பார்க்கும்'னு சொன்னேன்?"

"கதைக்காகச் சேத்தது."

"அப்ப கதைக்கு வேற மெக்கானிக்க வச்சுக்க."

கொசு அரைமணி நேரம் கழித்துத் தாள்களை அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்திருந்தாள். பென்சிலால் மூன்று இடத்தில் குறித்திருந்தாள். நான்கு இருமலை அடித்து இரண்டாக்கியிருந்தாள். கிடங்குக் காட்சிக்குப் பக்கத்தில், "நான் கேட்ட கேள்வி எங்கே?" என்று எழுதியிருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சையும் அப்படியே கதைக்குள் வைத்திருந்தேன். அதில் "நாம" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு மேலே, சின்ன எழுத்தில்: நாங்க.

அவள் தப்பாக நினைவு வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நம் காது தப்பாது. இந்தக் காதுக்குத் தனிச் சம்பளம் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

8

இன்று காலை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பதிவைப் போட்டேன். பதினேழாவது நிமிடம். குதிகாலால் அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். ஒன்பது தடவை கேட்டேன். கூஜாவிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் "நாங்க அங்க" என்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒட்டினாலும் தெளிவாகத்தான் வருகிறது. [தெளிவில்லை] என்று போடவே வழியில்லை.

பிறகு முழுவதையும் கேட்டேன். கடலோரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவங்க, அங்க படிக்கறவங்க, அங்க சேர்றவங்க. ஆறு இடம். பனியைப் பற்றிப் பேசும்போது நாங்க. நாலு இடம். அந்த நாலையும் நான் "நாம" என்று தட்டியிருக்கிறேன். ஒரு தடவை என்றால் காது. நாலு தடவை என்றால் அது—

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக பயமாக இருந்தது. நாங்க என்றால் யார்? அவளும் இன்னும் யார்?

9

அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்கள், பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள். இரண்டும் காலியாக இருந்தன.

"நாங்கன்னா யாரு?" என்றேன்.

"எது?"

"பதிவுல. நாங்க அங்க போனான்னு சொல்றே. கூட யாரு போறா? யார்கிட்டயாவது பேசி வச்சிருக்கியா?"

"ஐயோ, யாருமில்லம்மா. அங்க சேரப் போறவங்க எல்லாரும். எனக்கு ஒருத்தரயும் தெரியாது."

"தெரியாதவங்களச் சேத்து யாராவது நாங்கன்னு சொல்லுவாங்களா?"

"யோசிச்சு சொல்லலம்மா. வாயில வந்துடுச்சு."

எனக்கு இருந்த ஒரே ஆறுதலும் போயிற்று. ஒரு பையன் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஊர் பேர் தெரியாத நாற்பது பிள்ளைகளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் அவர்களோடு சேர்ந்தாகிவிட்டது. நான் மட்டும் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறேன்.

"அப்ப முடிவு பண்ணிட்டே."

"இல்ல. நீ சொல்லு. நீ எதச் சொல்றியோ அதயே போட்டுடறேன்."

"உனக்குப் பனிதானே வேணும்? அத வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"கதையப் படிச்சேன்ல. அந்த அம்மா ரயில்ல உக்காந்து அழறாங்களே. நீ அப்படி உக்காந்திருக்கறத என்னால நினைச்சுப் பாக்க முடியல. எனக்கு மூச்சு வாங்கினாக்கூட நான் பாத்துப்பேன். நீ அழறதத்தான் என்னால பாத்துக்க முடியாது."

கதை வேலை செய்துவிட்டது. இத்தனை வருடமாக எழுதுகிறேன், படித்தவர் ஒருவராவது மனசு மாறினார் என்று கேள்விப்பட்டதில்லை. முதல் தடவையாக ஒரு வாசகி மாறியிருக்கிறாள். அவள் எதிரில் நிற்க முடியாமல் சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் டீ போட்டேன்.

டீயை வாங்கும்போது சொன்னாள்: "இன்னொண்ணும்மா. கதைல என்னய எந்த ஊர்லயும் கொண்டுபோய் விட்டுடாத. நான் இன்னும் எங்கயும் போகல." "விடல" என்றேன்.

10

அதற்குப் பிறகு வந்து உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி நாலு நாற்பத்தைந்து. நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"போட்டாச்சா?"

"இல்ல. நான் சொல்லணுமாம்."

"அப்ப சொல்லு."

"நீங்க சொல்லுங்களேன்."

"என்னக் கேக்கலயே அவ" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

பனி என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் செத்துப் பிழைப்பேன். அவள் எடுக்கத் தாமதமானால் அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றாது. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால், நான் எழுதிய முடிவே அது என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த பயம் பொய்யில்லை. அவள் மார்பில் காது வைத்து மூச்சை எண்ணிய இரவுகள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெயில் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். "சரிம்மா" என்பாள். முகம் கோணாது. போவாள், நன்றாகப் படிப்பாள், விடுமுறைக்கு வருவாள், உடம்புகூடத் தேறியிருக்கும். நான் என்ன குறை என்று கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா என்பாள். எத்தனை தடவை பின்னால் ஓட்டிக் கேட்டாலும் அந்தக் குரலில் நான் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. நாலு வருடமும் அவள் அங்கே இருப்பவர்களை "அவங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அதற்கு நான் ஒருத்திதான் காரணம்.

எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

"அம்மா, மணி ஆகுது" என்று கூப்பிடுகிறாள். இருமல் இல்லை, அவசரமும் இல்லை, சாதாரணக் குரல்தான்.

எழுந்திருக்கிறேன். திரும்பி வந்து இதை முடிக்கமாட்டேன், அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பனி கொட்டும் ஊரிலோ வேர்க்கும் ஊரிலோ, உங்கள் மனசு எங்கே போகிறதோ அங்கே விடுங்கள். எங்கே விட்டாலும் அவளை ஒரு வாக்கியமாவது பேச விடுங்கள். "சரிம்மா" மட்டும் வேண்டாம்.